லாபானின் முத்தமும் நகோமியின் மடியும்

பாசில் இயக்கி 1985ஆம் ஆண்டில் வெளிவந்த 'பூவே பூச்சூடவா' என்னும் திரைப்படத்தை, பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே மலரும் பாசத்தைச் சொல்லும் படம் என்றே நம்மில் பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறோம். நதியாவின் துள்ளலும் இளையராஜாவின் இசையும் அந்த நினைவுக்கு இனிமை சேர்த்துவிட்டன. ஆயினும் அந்த இனிமைக்கு அடியில் ஒரு வழக்கு புதைந்து கிடக்கிறது. மகள் இறந்துவிட்டாள். மருமகனோடு பிணக்கு. பேத்தி தந்தையோடு போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க அந்தப் பாட்டிக்கு உரிமை உண்டா, இல்லையா என்பதே அவ்வழக்கு.

படம் வெளிவந்த காலத்தில் இக்கேள்வி நம் பங்குகளில் அரிதாகவே எழுந்தது. இன்றோ, பிரிந்து வாழும் தம்பதியர் பெருகிய நிலையில், கத்தோலிக்கக் குடும்பங்களின் வாசற்படியையும் அது தொட்டுவிட்டது. ஆகவே அப்படத்தையும், அதே கேள்வியை வேறு வேறு விதமாக எழுப்பும் மறைநூல் கதைகள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடைத்து எனக் கருதுகிறேன். கதைகளைத் திறனாயும்போது நம் வீட்டு நிலைமையும் தெளிவடையக் கூடும்.

கழற்றப்பட்ட மணி

இப்படத்தின் மூலம், அதே இயக்குநர் 1984ஆம் ஆண்டில் மலையாளத்தில் எடுத்த 'நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு'. பத்மினியும் நதியாவும் இரு மொழிகளிலும் பாட்டியும் பேத்தியுமாக நடித்தனர். மலையாளத்தில் பாட்டியின் பெயர் குஞ்ஞூஞ்ஞம்மா. கேரளக் கிறித்தவக் கைம்பெண். தமிழுக்கு வந்தபோது அவர் பூங்காவனத்தம்மாள் ஆனார். சமயம் மாறியும் துயரம் மாறவில்லை. பேரப்பிள்ளையை இழந்த வீட்டின் வெறுமைக்குச் சமய வேறுபாடு இல்லை என்பதற்கு இந்தப் பெயர் மாற்றமே போதிய சான்று.

பூங்காவனத்தம்மாள் தனித்து வாழ்கிறார். தெருச் சிறுவர்கள் அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓடி ஒளிகிறார்கள். அவர் சினந்து வெளியே வருகிறார். வாசலில் எவரும் இல்லை. பார்வையாளர் சிரிக்கும் காட்சி இது. ஆனால் இயக்குநர் சிரிப்புக்காக மட்டும் இதனை வைக்கவில்லை. எவரும் வராத வீட்டில் மணியோசை ஒரு கொடுமை. ஒவ்வொரு முறையும் யாரோ வந்துவிட்டார்கள் என்று அது பொய் சொல்கிறது. அந்த மணியைக் கழற்றிவிடும் மூதாட்டி, இனி எவரையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்.

பேத்தி திடீரென வந்து நிற்கும்போது பாட்டி ஓடிச்சென்று அணைத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் முகம் சுளிக்கிறார். இழந்த ஆண்டுகளின் கசப்பு, எதிரே நிற்கும் பிள்ளையின்மீதே பாய்கிறது. இது உளவியல் உண்மை நிறைந்த இடம். பாசம் நெடுங்காலம் தடுக்கப்பட்டால், அது பாசத்தின் வடிவத்திலேயே தேங்கியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. பல வேளைகளில் அது வீம்பாக இறுகிவிடுகிறது. அந்த இறுக்கம் சிறிது சிறிதாகத் தளர்வதே படத்தின் நடுப்பகுதி.

பின்னர், பேத்தி உயிர்க்கொல்லி நோயோடு, எஞ்சிய நாள்களைப் பாட்டியோடு கழிக்கவே வந்திருக்கிறாள் என்பது தெரியவருகிறது. பிழைப்பதற்கு மெல்லிய வாய்ப்பு ஒன்று உண்டு. அதற்கு அவள் சிகிச்சைக்குப் போக வேண்டும். போனால் திரும்புவாள் என்னும் உறுதியில்லை. பாட்டி அவளை அனுப்பி வைக்கிறார். அதன்பின், முன்பு கழற்றிவிட்ட அழைப்பு மணியை மீண்டும் எடுத்து வாசலில் பொருத்துகிறார். படம் அங்கே முடிகிறது.

இந்த முடிவில் வசனத்தால் சொல்ல முடியாத ஒன்று சொல்லப்படுகிறது. தொடக்கத்தில் பூங்காவனத்தம்மாள் பேத்தி தமக்கு உரியவள் என்ற நினைப்பிலும், அவளை இழந்த ஆத்திரத்திலும் வாழ்ந்தவர். முடிவில் பேத்தியின் உயிரை முன்னிட்டு அவளைக் கைவிட்டு அனுப்பவும், அவள் வருகைக்காகக் கதவருகே ஒரு மணியைப் பொருத்திக் காத்திருக்கவும் கற்றுக்கொண்டவர். உரிமை என்னும் சொல்லின் பொருளே இங்கு மாறிவிடுகிறது.

படம் தவிர்த்த ஆண்டுகள்

இத்தனை சிறப்பும் உள்ள படத்தில் ஒரு பெரிய குறையும் உண்டு. பேத்தி தானாகவே நடந்து வருகிறாள். அவள் வளர்ந்த பெண். பேருந்து ஏறி வரத் தெரியும். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. எனவே பாட்டிக்குப் பேத்தியைப் பார்க்கும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு விடை காணாமலே கதை முன்னேறிவிடுகிறது.

உண்மை வாழ்வில் இக்கேள்வி எழுவது பிள்ளைக்கு மூன்று வயதாகவோ ஆறு வயதாகவோ இருக்கும்போது. அப்போது அது தானாக வர முடியாது. யாரேனும் கைபிடித்து அழைத்து வர வேண்டும். அல்லது யாரேனும் கதவைத் திறந்துவிட வேண்டும். பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் காணாது கழித்த அந்த ஆண்டுகளைப் படம் காட்டவில்லை. மருமகன் பக்கத்து நியாயத்துக்கும் போதிய இடம் தரவில்லை. மனைவியை இழந்து, கைக்குழந்தையோடு நிற்கும் ஓர் இளைஞன், மாமியாரின் பழிச்சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளையோடு விலகிப் போனான் என்றால், அவனை வெறும் வில்லனாக்கிவிட முடியுமா? மேலும், பேத்தி சாகக் கிடக்கிறாள் என்றவுடன் எல்லாப் பிணக்கும் கரைந்துவிடுகிறது. மரணத்தின் முன் எவரும் இளகுவர். உடல்நலத்தோடு பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்காக இளகுவதுதான் கடினம். அந்தக் கடினத்தைப் படம் ஏற்கவில்லை. அதனை ஏற்க வேண்டியவர்கள் நீதிபதிகளும் நாமும்தான்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இந்தியாவில் தாத்தா பாட்டியருக்குப் பேரப்பிள்ளையைச் சந்திக்கும் உரிமை என்று தனிச் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. கிறித்தவர்களாகிய நமக்குப் பாதுகாவலர் பற்றிய தனிச் சட்டமும் இல்லை. 'கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட்' என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டமே நமக்குரியது. அதன் 17ஆம் பிரிவு, பிள்ளையின் நலனை முதன்மையாகக் கருதச் சொல்கிறது; பிள்ளையின் வயது, சமயம், உறவின் நெருக்கம், இறந்துபோன பெற்றோரின் விருப்பம் முதலியவற்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது; விவரம் தெரிந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. பெற்றோரின் மணமுறிவு வழக்கு நீதிமன்றத்தில் இருக்கும்போது பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பதற்கு 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் வழி கூறுகிறது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில், பிள்ளையை வைத்திருப்பது பற்றிய வழக்குகளோடு, பிள்ளையை அணுகிப் பார்ப்பது பற்றிய வழக்குகளும் அந்நீதிமன்றத்தின் வரம்புக்குள் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே பாட்டி ஒருத்தி மனுப் போடக் கதவு உண்டு. அம்மனுவுக்கு இன்ன விடை கிடைக்கும் என்று சொல்லும் பிரிவுதான் இல்லை.

விடை வழக்குக்கு வழக்கு மாறுகிறது. பிரசவத்தில் தாய் இறந்துவிட, பிறந்தது முதல் பாட்டியிடம் வளர்ந்த ஒரு குழந்தையைத் தந்தை கேட்டபோது, 2009ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் பிள்ளை பாட்டியிடமே இருக்கட்டும் என்று தீர்த்தது. பூங்காவனத்தம்மாள் வழக்குத் தொடுத்திருந்தால் அவருக்கும் இத்தகைய நாள் ஒன்று வாய்த்திருக்கலாம். கொரோனா கொள்ளைநோயில் தாய் தந்தை இருவரையும் 2021இல் இழந்த ஒரு சிறுவனை, 2022இல் அதே நீதிமன்றம் தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. முதுமையும் குறைந்த வருமானமும் மட்டுமே அவர்களை ஒதுக்கக் காரணமாகா என்பது அத்தீர்ப்பின் சாரம். 2025இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்று வேறு திசையில் போயிற்று. தாயை இழந்த பிள்ளை தாய்வழித் தாத்தாவிடம் இருந்தது. தந்தையைவிட மேலான உரிமை தாத்தாவுக்கு இல்லை என்று கூறி, கல்வியாண்டு குலையாதபடி காலம் குறித்துப் பிள்ளையைத் தந்தையிடம் சேர்ப்பித்த நீதிமன்றம், தாத்தா பாட்டி அப்பிள்ளையைச் சந்திப்பதற்கும் வழி வைத்தது.

இத்தீர்ப்புகளை ஒருசேரப் படித்தால் ஒரு நூலிழை தெரிகிறது. நீதிமன்றம் தாத்தாவின் உரிமையை அளப்பதில்லை; தந்தையின் உரிமையையும் தனியாக வைத்து அளப்பதில்லை. பிள்ளைக்கு எது நலம் என்றே கேட்கிறது. 2015 மே மாதத்தில் சட்ட ஆணையம் அளித்த 257ஆம் அறிக்கையும், பாதுகாவலர் சட்டத்தைத் திருத்தும் வழிமுறைகளில் தாத்தா பாட்டியரோடு பிள்ளை செலவிடும் நேரத்துக்குத் தனி இடம் தந்தது. அது இன்னும் பரிந்துரையாகவே நிற்கிறது.

இங்கே ஒரு முரணைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வயது வந்த பேரனிடம் வாழ்வூதியம் கேட்கத் தாத்தாவுக்கு உரிமை உண்டு. அப்பேரன் ஐந்து வயதுச் சிறுவனாக இருக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கக் கேட்பதற்கு அத்தகைய தெளிவான பிரிவு இல்லை. பாசத்தை வளர்க்க இடம் தராமல் கடமையை மட்டும் பின்னாளில் எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

பிரான்சு நாட்டுச் சட்டம் இவ்வகையில் நமக்குச் சிந்தனை தருகிறது. தாத்தா பாட்டியோடு பிள்ளைக்குள்ள உறவைத் தக்க காரணமின்றிப் பெற்றோர் தடுக்கக்கூடாது என்று அந்நாட்டுக் குடியியல் சட்டத்தில் 1970இல் எழுதப்பட்டது. 2002இல் அதே விதியைத் திருப்பி எழுதினார்கள்: தன் முன்னோரோடு உறவு கொண்டிருக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு, கடுமையான காரணங்கள் மட்டுமே அதற்குத் தடையாகலாம். சொற்களின் வரிசை மாறியதில் கருத்தின் மையமே இடம்பெயர்ந்துவிட்டது. உரிமை இப்போது தாத்தாவின் கையில் இல்லை. பிள்ளையின் கையில் இருக்கிறது. இந்த இடப்பெயர்ச்சியைத்தான் மறைநூல் நெடுங்காலத்துக்கு முன்னரே இரண்டு கதைகளால் நமக்குக் காட்டியிருக்கிறது.

லாபானின் குறை

முதற்கதை தொடக்க நூலின் 31ஆம் அதிகாரத்தில் உள்ளது. லாபானை நாம் மறையுரைகளில் வஞ்சகனாகவே அறிந்திருக்கிறோம். ராகேலைக் காட்டி லேயாவை மணமுடித்து வைத்தவன். மருமகன் யாக்கோபின் கூலியை மாற்றிக்கொண்டே இருந்தவன். ஆகவே யாக்கோபு மனைவியரையும் பிள்ளைகளையும் மந்தைகளையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் புறப்படும்போது நம் மனம் யாக்கோபின் பக்கமே நிற்கிறது.

லாபான் ஏழு நாள் துரத்திவந்து கிலயாது மலைநாட்டில் அவர்களை எட்டுகிறான். அங்கு அவன் சொல்லும் முதற்குறை மந்தைகளைப் பற்றியதன்று. தன் பேரப்பிள்ளைகளையும் புதல்வியரையும் முத்தமிட்டு வழியனுப்ப விடவில்லையே என்பதே அவன் குறை. எவ்வளவு தீயவனாயினும் அந்த ஒரு சொல்லில் அவன் எல்லாத் தாத்தாக்களுக்காகவும் பேசுகிறான். கதையாசிரியர் அவ்விடத்தில் வஞ்சகனையும் மனிதனாகக் காட்டுவதற்குத் தயங்கவில்லை. இது மறைநூலின் இலக்கியப் பெருமை.

ஆனால் அவன் தொடர்ந்து பேசும்போது குரல் மாறிவிடுகிறது. இப்பெண்கள் என் பெண்கள், இப்பிள்ளைகள் என் பிள்ளைகள், இம்மந்தை என் மந்தை என்ற கருத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்குகிறான். முத்தத்துக்கு ஏங்கியவன் கணக்குப் பார்ப்பவனாக மாறுவது இங்கேதான். பிள்ளைகள் அவனுக்கு மந்தையோடு சேர்த்து எண்ணப்படும் உடைமையாகிவிட்டனர். யாக்கோபு ஏன் இரகசியமாகப் புறப்பட்டான் என்பது இப்போது நமக்குப் புரிகிறது. இவனிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தால் தன் புதல்வியரைப் பிடித்து வைத்துக்கொண்டிருப்பான் என்ற அச்சம் யாக்கோபுக்கு இருந்தது. அதனை அவனே வாய்விட்டுச் சொல்கிறான்.

முடிவில் இருவரும் கல் நாட்டி, கற்குவியல் எழுப்பி, உடன்படிக்கை செய்கின்றனர். அதற்குக் கலயேது என்றும் மிஸ்பா என்றும் பெயர். தீய எண்ணத்தோடு ஒருவர் மற்றவர் எல்லையைக் கடப்பதில்லை என்பது நிபந்தனை. தன் புதல்வியரைத் துன்புறுத்தக் கூடாது என்பதையும் லாபான் சேர்த்துக்கொள்கிறான். மறுநாள் விடியலில் பேரப்பிள்ளைகளையும் புதல்வியரையும் முத்தமிட்டு, ஆசி கூறி, தன் ஊருக்குத் திரும்பிப் போகிறான். கேட்டது கிடைத்தது. நம் நாளைய சொல்லில் கூறினால், எல்லை வகுத்த ஒரு சந்திப்பு ஏற்பாடு. ஆனால் அதற்குப்பின் அத்தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் சந்தித்ததாக மறைநூலில் செய்தி இல்லை. நீதிமன்ற ஆணைகளால் நடக்கும் சந்திப்புகள் சில இவ்வாறே முடிகின்றன. கல் சாட்சியாக நிற்கும்; வீட்டுக்கதவு திறவாது.

நகோமியின் மடி

இரண்டாம் கதை ரூத்து நூல். அதன் இறுதிக் காட்சியில் ரூத்து பெற்ற மகனை நகோமி எடுத்து மடியில் வைத்து வளர்க்கிறார். அண்டை வீட்டுப் பெண்கள் நகோமிக்கே ஒரு மகன் பிறந்திருக்கிறான் என்று மகிழ்ந்து அவனுக்கு ஓபேது எனப் பெயரிடுகிறார்கள்.

இக்காட்சியின் வியப்பு, உறவுமுறையைக் கணக்கிட்டால்தான் விளங்கும். நகோமியின் மகன் மாலோன் மோவாபு நாட்டில் இறந்துவிட்டான். அவன் மனைவி ரூத்து பெத்லகேமில் போவாசை மறுமணம் செய்துகொண்டாள். ஓபேது போவாசின் மகன். குருதி வழியில் பார்த்தால் நகோமிக்கும் அவனுக்கும் நேரடி உறவில்லை. இறந்தவன் பெயர் அழியாதபடி பிள்ளையை அவன் வழியினனாகக் கொள்ளும் பழைய முறைமை இருந்தது என்பது உண்மையே. ஆயினும் அந்த முறைமை நகோமியின் மடியில் பிள்ளையைக் கொண்டுவந்து வைக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மறுமணம் செய்துகொண்ட மருமகள் ஒருத்தி, முதற்கணவனின் தாய்க்குத் தன் பிள்ளையைக் கொடுத்தாள். நகோமி கேட்டதாகக் கதையில் இல்லை.

நகோமி முன்னமே என்ன செய்தார் என்பதையும் மறக்கலாகாது. மோவாபிலிருந்து திரும்பும் வழியில் தம் மருமக்கள் இருவரையும் அவரவர் தாய்வீட்டுக்குப் போகச் சொன்னவர் அவர். நீங்கள் மறுபடி மணம் செய்து வாழுங்கள் என்று வாழ்த்தி முத்தமிட்டவர். ஓர்பா போனாள்; அவளை நகோமி பழிக்கவில்லை. யாரையும் பிடித்து வைக்காதவரிடம்தான் ரூத்து ஒட்டிக்கொண்டாள். லாபான் துரத்திப் பிடித்து ஒரே ஒரு முத்தம் பெற்றான். நகோமி போகச் சொல்லி விடுவித்து, வாழ்நாளுக்கும் ஒரு பேரனைப் பெற்றார். மறைநூல் இவ்விரு கதைகளையும் ஒப்பிட்டு அறிவுரை கூறவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பது வாசகர் கடன்.

ரூத்து நூலின் நிலைமை அப்படியே இருந்து, ரூத்தின் உள்ளமும் நகோமியின் உள்ளமும் இல்லாமற் போனால் என்ன நடக்கும்? அதற்கு ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று தீர்க்கப்பட்ட டிராக்சல் எதிர் கிரான்வில் வழக்கு ஒரு விடை. மகன் இறந்துவிட்டான். அவனுடைய இரு பெண்மக்களின் தாய் வேறு திருமணம் செய்துகொண்டாள். பிள்ளைகளைத் தாத்தா பாட்டி காண்பதை அவள் முற்றிலும் மறுக்கவில்லை. மாதம் ஒரு சிறு சந்திப்பு போதும் என்றாள். அவர்களோ மாதம் இரண்டு வார இறுதிகளும் கோடையில் இரண்டு வாரங்களும் கேட்டார்கள். முதல் நீதிமன்றம் மாதம் ஒரு வார இறுதி, கோடையில் ஒரு வாரம், தாத்தா பாட்டியின் பிறந்தநாள்களில் நான்கு மணி நேரம் என்று பங்கிட்டுக் கொடுத்தது. வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம்வரை சென்றது. எவரும், எந்நேரத்திலும் சந்திப்புக் கேட்கலாம் என்று வகைசெய்த வாஷிங்டன் மாநிலச் சட்டம் மிகப் பரந்தது என்றும், தகுதியுள்ள ஒரு தாயின் முடிவுக்கு உரிய மதிப்பைக் கீழ்நீதிமன்றம் தரவில்லை என்றும் கூறி அவ்வாணை தள்ளப்பட்டது.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. மகனை இழந்த பெற்றோருக்கு அவன் பிள்ளைகளின் முகத்தில் அவனையே காணும் ஆவல் இருக்கும். புதிய குடும்பம் அமைத்த தாய்க்குத் தன் வீட்டின் ஒழுங்கைத் தானே வகுக்கும் பொறுப்பு இருக்கும். இரண்டும் பொய்யில்லை. மாதம் ஒரு சந்திப்புக்கும் இரண்டு வார இறுதிகளுக்கும் இடையே இருந்த தூரத்தை அக்குடும்பம் தனக்குள் நடந்து கடந்திருந்தால் பிள்ளைகள் பல ஆண்டு வழக்கின் நடுவே வளர்ந்திருக்க மாட்டார்கள். பிறந்தநாளில் நான்கு மணி நேரம் என்று கடிகாரம் வைத்து அளக்க நீதிமன்றத்தால் முடியும். பிள்ளையை மடியில் கொண்டுவந்து வைக்க ரூத்தால்தான் முடியும்.

நம் மலைமீது

இத்தனையும் ஏட்டுச் செய்திகளாகத் தோன்றலாம். சேர்வராயன் மலையில் பங்குப்பணி செய்யும் எனக்கு இவை அன்றாடம் கண்முன் நிற்கும் முகங்கள்.

இம்மலையில் தாத்தா பாட்டியர் இரு வகையில் வாழ்கின்றனர். காப்பித் தோட்டத்து லைன் வீடுகளிலும் மலைச் சிற்றூர்களிலும், பெற்றோர் திருப்பூருக்கோ வேறு நகரங்களுக்கோ பிழைக்கப் போய்விட, பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கும் மறைக்கல்விக்கும் அனுப்புகிறவர்கள் முதல் வகையினர். செபமாலையின் மறைபொருள்களைப் பிள்ளைகள் கற்பது பெரும்பாலும் இவர்களிடமே. திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் அவர் பாட்டி லோயியிடம் குடிகொண்டிருந்தது என்று பவுலடியார் நினைவூட்டுவது இத்தகைய மூதாட்டியரைத்தான். ஏழெட்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையை வளர்த்தவரிடம் அதற்கான தாள் எதுவும் இராது. பெற்றோர் பிரியும் நாளில் பிள்ளை தாயோடோ தந்தையோடோ போய்விடும். வளர்த்தவர் வழக்கில் ஒரு தரப்பாகக்கூட எண்ணப்படமாட்டார். பிள்ளைக்கோ அன்று ஒரே நேரத்தில் இரண்டு இழப்பு.

இரண்டாம் வகையினர் கீழிருந்து வருகிறவர்கள். ஏற்காட்டின் விடுதிப் பள்ளிகளில் வெளியூர்ப் பிள்ளைகள் பலர் தங்கிப் படிக்கின்றனர். பார்வையாளர் நாளில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மடியில் முறுக்கும் அதிரசமும் கட்டிய பையோடு முதியோர் பேருந்தில் வந்து இறங்குவார்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலில் பெயர் இருந்தால் பிள்ளையைப் பார்க்கலாம். இல்லையேல் இயலாது. இவ்விதி பிள்ளையின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. அதைக் குறைகூற மாட்டேன். வேதனை அந்தப் பட்டியலில் இருக்கிறது. கணவன் மனைவியர் பூசலில் முதலில் அடிக்கப்படும் பெயர் எதிர்த்தரப்புப் பாட்டியின் பெயர்தான். அடித்தவர் கையெழுத்திட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார். பையில் கொண்டுவந்த பண்டத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டு அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பவர், பெயர் அடிக்கப்பட்டதே அறியாதவர்.

பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு என்பர் மொழியறிஞர். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். நம் குடும்பங்களில் தலைமகனுக்குத் தாத்தாவின் பெயரைத் திருமுழுக்குப் பெயராக இடும் வழக்கம் இன்னும் உண்டு. தாத்தாவின் பெயரைப் பிள்ளைக்கு இட்டுவிட்டு, தாத்தாவின் பெயரைப் பார்வையாளர் பட்டியலில் இருந்து நீக்குவது நம் பண்பாட்டுக்கு நேர்ந்த முரண் அன்றோ?

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் வாழ்க்கைத் துணையோடு உங்களுக்கு எத்தனை மனத்தாங்கல் இருப்பினும், அவருடைய தாய் தந்தையரைப் பட்டியலில் விட்டு வையுங்கள். பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்ற உண்மையான அச்சம் இருந்தால் அது வேறு. அத்தகைய அச்சத்தை ஒருவரும் இகழலாகாது. வெறும் பழிவாங்கலாக இருந்தால், பறிக்கப்படுவது பிள்ளையின் உடைமை.

மூத்தோருக்கும் ஒரு சொல். கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் பிள்ளையிடம் அதன் தாயையோ தந்தையையோ பழிக்காதீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று துருவிக் கேட்காதீர்கள். இவை லாபானின் கணக்குப் புத்தகத்தைச் சேர்ந்தவை. பிள்ளை தன் விளையாட்டைப் பற்றிப் பேசட்டும். நீங்கள் அதன் பெற்றோரின் குழந்தைப் பருவக் கதைகளைச் சொல்லுங்கள். அக்கதைகளைச் சொல்ல உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

திருச்சபைக்கும் கடமை உண்டு. சகோதரர் சகோதரர்மீது வழக்குப் போடலாமா என்று பவுலடியார் கொரிந்தியரைக் கடிந்ததைச் சொல்லி, நீதிமன்றம் போக நினைக்கும் முதியோரின் வாயை அடைப்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அதே இடத்தில் அவர், வழக்கைத் தீர்த்து வைக்க உங்களுள் அறிவுள்ளவர் ஒருவர்கூட இல்லையா என்றும் கேட்கிறார் என்பதை அவர்கள் படிப்பதில்லை. அந்தக் கேள்வி பங்குத்தந்தையர்களையும் பங்குப் பேரவைகளையும் நோக்கியது. இரு வீட்டாரையும் ஓர் அறையில் அமர்த்திப் பேச நாம் முன்வராதபோது, குடும்ப நீதிமன்றத்தின் படியேறும் பாட்டியைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை. அந்நீதிமன்றமும் முதலில் சமரசத்துக்கே முயல வேண்டும் என்றுதான் சட்டம் பணித்திருக்கிறது. வேறு வழியின்றி அங்கே போகிறவர், தமக்குரிய பங்கைக் கேட்கப் போவதாக எண்ணாமல், பேரப்பிள்ளைக்குரியதைப் பெற்றுத்தரப் போவதாக எண்ணிப் போகட்டும். கேட்கும் முறையும் அதனால் மாறும். நீதிபதியின் காதிலும் அது வேறுவிதமாக விழும்.

திருமுழுக்கில் தாய் தந்தையர் ஞானப்பெற்றோராக இருக்கலாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விலக்குகிறது. தாத்தா பாட்டியரை அது விலக்கவில்லை. அவர்களை ஞானப்பெற்றோராகத் தெரிந்துகொள்ளும் குடும்பங்களை ஊக்குவிக்கலாம். நாளை வீடு பிளவுபட்டாலும், அப்பிள்ளையின் நம்பிக்கை வாழ்வில் பொறுப்பேற்றவர் என்ற இடம் திருச்சபையின் ஏட்டில் அவர்களுக்கு இருக்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தினார். புனித சுவக்கீன், அன்னா விழாவாகிய ஜூலை 26ஐ ஒட்டி, அம்மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது கொண்டாடப்படுகிறது. நம் ஆலயங்களில் அன்று முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். சிறப்பு மன்றாட்டு சொல்கிறோம். வரும் ஆண்டில் இன்னும் ஒன்று செய்யலாம். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருப்பவர் நம் பங்கில் யார் யார் என்று அன்பியக் கூட்டங்களில் மெல்லக் கேட்டறியலாம். அவர்களுள் ஒருவருக்காகவேனும், மருமகன் வீட்டுக்கோ மருமகள் வீட்டுக்கோ நாம் ஒருமுறை நடந்து போகலாம்.